நல்லி எலும்பு

விடிந்தும் விடியாத ஐந்தரைக்கு
லிம் பூன் ஹாக் பண்ணையில் கயிறு கட்டுகிறேன்.
பருத்திக் கயிறு, நுனி பிரித்தது,
கொட்டடிக்கு ஒன்று, பன்றியின் தோள் உயரத்தில்.
ஊசி இல்லை, சுருக்கு இல்லை, அலறல் இல்லை.
புதிதாய் எதைக் கண்டாலும் வாய் வைத்துப் பார்க்கும் சாதி.
இருபது நிமிடம் மென்று
ஆளுக்குக் கொஞ்சம் எச்சில் தந்துவிடும்.
பையில் போட்டுப் பிழிந்தால்
கலங்கலாய் ஒரு விரற்கடை:
நாற்பது பன்றியின் வாக்குமூலம்.

வாசல் சங்கிலிக்கு அப்பால் லிம்,
பற்றவைக்காத சிகரெட்டோடு.
"ஓகே கா, மிஸ்ஸி?"
நர்சு என்றே என்னை நினைத்திருக்கிறார், ஆறு வருடமாய்.
"ஈப்போ சொல்லணும் தவுக்கே."

வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை.
செம்பனைக்கு அந்தப் பக்கமும் செம்பனை.
அதற்கும் பின்னால்தான் காடு.
காட்டுப்பன்றிக்குக் கயிறு கட்ட முடியாது.
அது செத்தால்தான் சேதி.

செவ்வாய்க்கிழமை சேதி வந்தது.
பதினேழாம் நிரை, மட்டை அடுக்கின் ஓரம்,
காது நீலம் பாரித்து, மூக்கில் ரத்த நுரை.
குலை வெட்டும் ரஃபிகுல் பார்த்து
மண்டோரிடம் சொல்லியிருக்கிறான்.
நான் போய்ச் சேர்ந்தபோது
பன்றி இல்லை.
நசுங்கிய லாலாங் புல், ஈ மொய்த்த மண்,
மோட்டார் சைக்கிள் தடம் ஒன்று
சுங்கை தெம்பாகா பக்கமாய்.

வீடு வீடாய்ப் போனேன்.
எல்லார் வீட்டிலும் நெத்திலி வறுவல்தானாம்.
மிளகு வாசம் வேறு சொன்னது.
மாரியம்மன் கோயில் முன்னால் நின்று
கொஞ்சம் கத்தியே சொன்னேன்:
இது மனுசனுக்கு ஒட்டாது.
தின்றவர் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது.
கழுவின தண்ணி, மிச்சக் கறி,
செருப்பில் ஒட்டின ஒரு துளி
லிம் பண்ணைத் தொட்டிக்குப் போனால்
இரண்டாயிரம் உயிர் மிஞ்சாது.

கதவுக்குப் பின்னால் ஒருவர் கேட்டார்,
"தொண்ணூத்தொம்பதுலயும் இப்படித்தான
ஒண்ணுமில்லைன்னு ஆரம்பிச்சாங்க?"
பதில் இருந்தது. இது அந்தக் கிருமி இல்லை,
அது வௌவால் வழி வந்தது, இது வேறு.
பதில் சரியானதுதான்.
அவர் தம்பியை அது திருப்பித் தராது.
பேசாமல் வந்துவிட்டேன்.

இரவு பத்துக்கு மேல்
என் ஹோண்டா கைப்பிடியில் ஒரு சிவப்புப் பை.
உள்ளே ஐஸ்கிரீம் டப்பா.
டப்பாவுக்குள் ஐஸ் கட்டி, நடுவில்
துணி சுற்றிய தொடை எலும்பு.
மஞ்சள் படவில்லை, உப்புப் படவில்லை,
நல்லியை உடைக்கவில்லை.
கறி தின்னத் தெரிந்த வீட்டில்
அது எவ்வளவு பெரிய விரதம்!
எனக்கு வேண்டியதும் அதுதான்.
உடம்பெல்லாம் அழுகினாலும்
நல்லிக்குள் கிருமி நாள் கடந்தும் இருக்கும்
என்று நான் கோயில் முன்னால் சொல்லவில்லை.
யாருக்கோ தெரிந்திருக்கிறது.

ரோஸ்லான் அந்தப் பெட்டியைத் தொடமாட்டான்.
ஆனால் அதற்காகவே ஈப்போ வரை
ஏர்கோனைக் குறைக்காமல்
சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டு
நடுங்கிக்கொண்டே ஓட்டினான்.

இயந்திரத்துக்கு ஒரே வேலை:
ஒன்றை இரண்டாக்கு, இரண்டை நான்காக்கு,
நாற்பது சுற்று.
இல்லாததை எத்தனை முறை பெருக்கினாலும்
இல்லாததுதான்.

இருந்தது.
இருபத்தாறாம் சுற்றில்
எலும்பின் கோடு படுக்கையை விட்டு எழுந்தது.
லிம்மின் கயிறுகள் நாற்பது வரைக்கும்
தரையிலேயே கிடந்தன.
இன்றைக்கு.

போனில் லிம் ஒன்றும் பேசவில்லை.
சுண்ணாம்பு மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது,
யாரையோ ஹொக்கியனில் திட்டுவதும்.

பாரத்தில் ஏழாவது கேள்வி:
மாதிரியைக் கொடுத்தவர் பெயர்.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
எட்டாவதுக்குப் போனேன்.

நாளைக்கும் ஐந்தரை.
இன்னும் பதினெட்டுக் கயிறு
வெட்ட வேண்டும்.